வங்கியில் ஆறு லட்சம், கையில் எண்பதாயிரம்: சிறு அறக்கட்டளைக்கு எந்தக் கணக்கு மென்பொருள்?

சிறிய அறக்கட்டளை நடத்துகிற இரண்டு பேர் சந்தித்தால், பத்து நிமிடத்துக்குள் பேச்சு கணக்கில் வந்து நிற்கும். "நீங்க டேலியா, எக்செலா?" என்பார் ஒருவர். "டேலிதான், ஆடிட்டர் சொன்னார்" என்பார் மற்றவர். அதோடு சரி. எந்த மென்பொருள் என்று பேசுகிறோமே தவிர, அது நமக்கு என்ன வேலை செய்து தர வேண்டும் என்று பேசுவதே இல்லை.

நான் ஆடிட்டர் இல்லை. ஒரு மாலை நேரப் படிப்பகத்தை நடத்தும் அமைப்புக்குச் சில வருடம் பொருளாளராக இருந்து, அடிபட்டுக் கற்றுக்கொண்டவன். முதல் வருடம் நானும் கடைக்கு வாங்குவதுபோலத்தான் ஒன்றை வாங்கினேன். பில் அழகாகப் போட்டது, சரக்கு இருப்பைக் காட்டியது, ஜிஎஸ்டி கணக்கிட்டது. எங்களிடம் பில்லும் கிடையாது, சரக்கும் கிடையாது. நன்கொடை கொடுத்த ஒருவர் போன் செய்து, "நான் கொடுத்த பணத்தில் இன்னும் எவ்வளவு மீதி இருக்கு தம்பி?" என்று கேட்டபோது, அதற்குப் பதில் எடுக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

கடைக்காரரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. சோப்பு வாங்கியவர், தான் கொடுத்த முப்பது ரூபாய் என்ன ஆயிற்று என்று விசாரிக்க மாட்டார். நம்மிடம் கேட்பார்கள். கடைக் கணக்கும் அறக்கட்டளைக் கணக்கும் பிரியும் இடம் இதுதான். மென்பொருளையும் இங்கிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும்.

உண்டியல் பணமும் கட்டளைப் பணமும்

கோயிலுக்கு இரண்டு விதமாகப் பணம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். உண்டியலில் விழுவது ஒன்று. போட்டவர் எதற்கென்று சொல்வதில்லை. விளக்குக்கு எண்ணெயும் வாங்கலாம், மடப்பள்ளிக்கு அரிசியும் வாங்கலாம். இன்னொன்று கட்டளை. "அப்பா நினைவாக ஆடி அமாவாசை அன்று அன்னதானம் நடக்கணும், முதலைத் தொடாமல் வட்டியில் செய்யுங்கள்" என்று ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தப் பணத்தில் மதில் சுவருக்கு வெள்ளை அடிக்க முடியாது. வெள்ளை அடிப்பதும் நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு வேறு பணம் பார்க்க வேண்டும்.

அறக்கட்டளைக்கு வரும் பணமும் இப்படித்தான் பிரியும். "உங்கள் பணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்தது பொது நிதி. "கம்ப்யூட்டர் வாங்க மட்டும்" என்று கொடுத்தது குறித்த நிதி. முதலைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்தது மூலநிதி. இதைத்தான் ஆடிட்டர்கள் கார்ப்பஸ் என்பார்கள்.

மூலநிதியை அதற்கென்றே தனியாக முதலீடு செய்யும் வரை மூன்றும் ஒரே வங்கிக் கணக்கில் கிடக்கலாம். அஞ்சறைப் பெட்டிக்கு மூடி ஒன்றுதான். உள்ளே கடுகு, சீரகம், வெந்தயத்துக்குத் தனித்தனிக் கிண்ணம். பாஸ்புக் காட்டுவது பெட்டியின் மொத்த எடையை. எந்தக் கிண்ணத்தில் எவ்வளவு என்பதைக் கணக்குப் புத்தகம்தான் சொல்ல வேண்டும். இப்படிக் கிண்ணம் கிண்ணமாக எழுதுவதை இந்தக் கட்டுரை முழுக்க நிதிவாரிக் கணக்கு என்று சொல்லப்போகிறேன்.

சிலர் ஒவ்வொரு நிதிக்கும் ஒரு வங்கிக் கணக்கு தொடங்கிவிடுகிறார்கள். அப்புறம் நாலு பாஸ்புக், நாலு செக் புக், ஒவ்வொன்றிலும் குறைந்தபட்ச இருப்பு, அறங்காவலர் மாறினால் நாலு இடத்தில் கையெழுத்து மாற்றம். வெளிநாட்டுப் பணத்துக்குத் தனிக் கணக்கு கட்டாயம். அதைப் பிறகு பார்ப்போம். மற்றபடி எழுதும் முறை சரியாக இருந்தால் இந்த அலைச்சல் தேவையில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு கற்பனைப் படிப்பகம். வங்கி இருப்பு 6,40,000 ரூபாய். கூரை ஒழுகுகிறது; சரிசெய்ய ஒன்றரை லட்சம் ஆகும். செயலாளர் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, "ஆறு லட்சத்துக்கு மேல இருக்கே, மழைக்கு முன்னாடி வேலையை ஆரம்பிச்சுடலாம்" என்கிறார்.

இப்போது கிண்ணங்களைப் பார்ப்போம். ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் அறைக்கென்று 5,00,000 கொடுத்தது. அதில் 1,40,000 செலவாகி, 3,60,000 மீதி. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மூலநிதியாக 2,00,000 கொடுத்திருக்கிறார். அதை இன்னும் வைப்புநிதியில் போடவில்லை. இரண்டையும் கழித்தால் பொது நிதியில் நிற்பது 80,000 ரூபாய். ஆசிரியர்களுக்கு மாத மதிப்பூதியம் 45,000.

அதாவது, கூரை இருக்கட்டும், இரண்டு மாத மதிப்பூதியத்துக்கே முழுதாகப் பணம் இல்லை. செயலாளர் பொய் சொல்லவில்லை, திருடவும் இல்லை. அவர் கண்ணில் பட்ட எண் தவறான எண். சிறு அமைப்புகளில் வரும் பணச் சிக்கல்களில் பெரும்பாலானவை மோசடியால் வருவதில்லை, இப்படி மொத்தத்தைப் பார்த்து முடிவெடுப்பதால்தான் வருகின்றன என்பது என் அனுபவம். மார்ச் மாதம் கம்பெனியிலிருந்து, கொடுத்த பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்டுக் கடிதம் வரும்போதுதான், அவர்கள் பணத்தில் கூரை போட்டது தெரியவரும்.

இதுவரை பார்த்தது: பணம் ஒரே இடத்தில் கிடந்தாலும் அது பல பேருடைய பணம். மொத்தத்தைச் சொல்ல பாஸ்புக் போதும். மென்பொருள் வாங்குவதே பிரித்துச் சொல்லத்தான்.

ஒரு செலவு, இரண்டு கேள்வி

மென்பொருள் இதை எப்படிச் செய்கிறது? கணக்கு எழுதுவதன் அடிப்படை இரட்டைப் பதிவு: எந்தக் கொடுக்கல் வாங்கலையும் இரண்டு இடத்தில் எழுதுவது. மின்கட்டணம் 3,200 கட்டினால், வங்கியில் 3,200 குறைந்தது என்று ஓர் இடத்திலும், மின்கட்டணச் செலவு 3,200 கூடியது என்று இன்னோர் இடத்திலும் பதிவாகும். இரண்டும் எப்போதும் சமமாக இருப்பதால், ஓர் இடத்தில் கை தவறினால் உடனே தெரிந்துவிடும். மின்கட்டணம், வாடகை, மதிப்பூதியம் என்று தனித்தனியாக எழுதும் பக்கங்களுக்குப் பேரேடு என்று பெயர். பேச்சில் எல்லோரும் லெட்ஜர் என்றே சொல்கிறோம்.

கடைக்கு இது போதும். நமக்கு இன்னொன்று வேண்டும். மின்கட்டணம் என்பது "எதற்காக?" என்ற கேள்விக்குப் பதில். "யாருடைய பணத்தில்?" என்பது அடுத்த கேள்வி. அந்த 3,200-ல் கம்ப்யூட்டர் அறையின் பங்கு 1,200, மீதி பொது நிதி என்று எழுத முடிய வேண்டும். இரண்டு கேள்விக்கும் ஒரே பதிவில் பதில் வாங்கிக்கொள்ளும் மென்பொருள் நமக்கு உதவும். முதல் கேள்வியோடு நின்றுவிடுவது எவ்வளவு அழகாக இருந்தாலும் கடைக்கானதுதான்.

இந்த இரண்டாவது பதிலை வாங்க இரண்டு வழி உண்டு. முதல் வழி, லெட்ஜரையே உடைப்பது: "மின்கட்டணம் - பொது", "மின்கட்டணம் - கம்ப்யூட்டர் அறை". ஆரம்பத்தில் எளிதாகத்தான் தெரியும். பன்னிரண்டு செலவுத் தலைப்பும் நாலு நிதியும் இருந்தால் நாற்பத்தெட்டு லெட்ஜர் ஆகிவிடும். மொத்த மின்கட்டணம் எவ்வளவு என்று ஆடிட்டர் கேட்டால் நாலையும் கூட்டிச் சொல்ல வேண்டும். அடுத்த வருடம் ஒரு நன்கொடையாளர் கூடினால் இன்னும் பன்னிரண்டு.

இரண்டாவது வழி, லெட்ஜரை அப்படியே விட்டுவிட்டு ஒவ்வொரு பதிவின் மேலும் ஒரு சீட்டு ஒட்டுவது. கல்யாண வீட்டில் பாத்திரத்துக்கு அடியில் பெயின்டால் பெயர் எழுதியிருப்பார்களே, அதுபோல. பாத்திரம் எல்லாம் ஒரே அடுக்கில் இருந்தாலும் எது யாருடையது என்று குழப்பம் வராது. டேலியில் இந்தச் சீட்டுக்குக் காஸ்ட் சென்டர் என்று பெயர். சோஹோ புக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் ரிப்போர்ட்டிங் டேக் என்பார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். காஸ்ட் சென்டர் என்றால் தொழிற்சாலைக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைத்து நான் ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. கட்டளைப் பணத்துக்கு வேண்டிய சீட்டு அதற்குள்தான் இருந்தது.

ஒரு பொறியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்கட்டணம் செலவு, ஆனால் கம்ப்யூட்டர் வாங்குவது சொத்து. டேலியில் காஸ்ட் சென்டர் வழக்கமாக வரவு, செலவு லெட்ஜர்களுக்குத்தான் பொருந்தும். சொத்து லெட்ஜருக்குள் போய் அதை நாமே "ஆம்" என்று மாற்றிவிட வேண்டும். மறந்தால் கம்ப்யூட்டர் அறைத் திட்டத்தின் அறிக்கையில் மின்கட்டணம், மேசை துடைத்த கூலி எல்லாம் இருக்கும், கம்ப்யூட்டர் மட்டும் இருக்காது.

சட்டம் என்ன கேட்கிறது

இந்தியாவில் சிறு தொண்டு அமைப்புகள் பெரும்பாலும் மூன்று வடிவில் இருக்கும்: பத்திரம் எழுதிப் பதிவு செய்த அறக்கட்டளை, சங்கம் (தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்), 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 8-வது பிரிவில் பதிவான லாப நோக்கமற்ற நிறுவனம். உங்களுடையது எது என்பது மென்பொருள் தேர்வையே மாற்றும்.

8-வது பிரிவு நிறுவனத்துக்கு ஒரு கூடுதல் கட்டாயம். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் மென்பொருளில் கணக்கு வைத்தால், ஒரு பதிவை எப்போது, என்னவாகத் திருத்தினார்கள் என்ற தடத்தை அது தானாகவே பதிந்து வைக்க வேண்டும். அந்த வசதியை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். டேலி பிரைமில் எடிட் லாக் என்று இதற்கெனத் தனிப் பதிப்பே உண்டு. இந்த விதி அறக்கட்டளைக்கும் சங்கத்துக்கும் இல்லை. இருந்தாலும், பணம் எழுதுகிறவரும் பணம் கையாளுகிறவரும் ஒரே ஆளாக இருக்கும் சின்ன இடங்களில் அந்தத் தடம் இருப்பது அந்த ஆளுக்கே பாதுகாப்பு.

வருமான வரி பக்கம் வந்தால், எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை கொடுத்தவருக்கு வரிச் சலுகை). இவை 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்கள். 2025-ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை; எண்கள் மாறினாலும் பேச்சில் பழைய பெயர்களே ஓடுகின்றன. எண்ணை ஆடிட்டரிடம் விட்டுவிட்டு, அடிப்படையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வருட வருமானத்தில் 85 சதவீதமாவது அறக்கட்டளையின் நோக்கத்துக்குச் செலவாக வேண்டும். முடியாவிட்டால், இன்ன காரணத்துக்காகச் சேர்த்துவைக்கிறோம் என்று முறைப்படி தெரிவிக்க வேண்டும். மூலநிதியாக வந்த பணம், அதற்கென்றே தனியாக உரிய வகையில் முதலீடு செய்து வைத்தால், இந்தக் கணக்கில் சேராது. அந்த ஆசிரியை கொடுத்த இரண்டு லட்சத்தைத் தெரியாமல் பொது வரவில் எழுதிவிட்டால், செலவழிக்கக் கூடாத பணத்துக்கு 85 சதவீதம் செலவு காட்ட வேண்டிய கூத்து நடக்கும். சீட்டு மாற்றி ஒட்டியதால் வரி வரை போய் நிற்கும்.

இரண்டாவது, நன்கொடையாளர் விவரம். 80ஜி சலுகை தரும் அமைப்புகள் ஒவ்வொரு நன்கொடையாளரின் பெயர், முகவரி, பான் போன்ற அடையாள எண், தொகை, பணம் வந்த வழி எல்லாவற்றையும் ஆண்டுதோறும் மே 31-க்குள் வருமான வரித் துறைக்கு அனுப்பி வந்திருக்கின்றன. 10பிடி படிவம் என்று பழக்கப்பட்டது இதுதான். அதில் ஒரு கட்டம், இந்த நன்கொடை மூலநிதியா, குறித்த நோக்கத்துக்கானதா, வேறா என்று கேட்கும். கிண்ணத்தைப் பற்றி அரசாங்கமே கேட்கிறது பாருங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது. அதனால் ரசீது போடும்போதே பணம் எந்த வழியில் வந்தது என்பதைப் பதிந்துவிட வேண்டும்.

மொய் நோட்டு எழுதுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர், பெயர், தொகை மூன்றையும் எழுதாமல் அடுத்தவரைக் கூப்பிட மாட்டார். நாமும் அப்படி இருந்தாக வேண்டும். பெயர், முகவரி இல்லாத நன்கொடை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அந்தப் பணத்துக்கே 30 சதவீத வரி உண்டு. மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதுவரை விலக்கு.

மூன்றாவது, ஆயுள். 2022-ல் வந்த 17ஏஏ விதி, அறக்கட்டளைகள் கணக்குப் புத்தகங்களைப் பத்து ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னது. மின்னணு வடிவில் வைத்திருக்கவும் அனுமதி உண்டு. பத்து ஆண்டு என்பது மென்பொருள் உலகில் நீண்ட காலம். உலகம் முழுக்கப் பெயர் பெற்ற குவிக்புக்ஸ் 2023-ல் இந்தியாவில் சேவையை நிறுத்திக்கொண்டது. பயன்படுத்தியவர்கள் தரவை வெளியே எடுத்துக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. ஆகவே எதை வாங்கினாலும், "என் கணக்கு முழுவதையும் எக்செலாகவோ பிடிஎஃப் ஆகவோ வெளியே எடுக்க முடியுமா?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். எடுத்தும் பாருங்கள்.

சுருக்கமாக: வடிவம் எது என்பதைப் பொறுத்துத் திருத்தத் தடம் கட்டாயமா என்பது தெரியும். நன்கொடையாளர் விவரமும் நிதியின் வகையும் ஒவ்வொரு வரவிலும் வேண்டும். எழுதியது பத்து வருடம் நிற்க வேண்டும்.

சிங்கப்பூர் மாமா கொடுத்த பணம்

இதில் குழம்பாத ஆளை நான் பார்த்ததில்லை. வெளிநாட்டு நன்கொடைக்கென்று 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் எஃப்சிஆர்ஏ என்றே சொல்வார்கள். அந்தச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. ஆனால் வெளிநாட்டு நன்கொடை என்பது, பணம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை மட்டும் வைத்துத் தீர்மானமாவதில்லை. கொடுத்தவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பது முக்கியம்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உங்கள் மாமா இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புகிறார் என்றால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே மாமா சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் சரி, ஊருக்கு வந்து உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையில் கொடுத்தாலும் சரி, அது வெளிநாட்டு நன்கொடை. கனடா, லண்டன் உறவுகளுக்கும் இதுவே. உங்கள் மென்பொருளில் நன்கொடையாளர் பக்கத்தில் குடியுரிமை என்று ஒரு கட்டம் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் ரசீதுப் புத்தகத்திலாவது ஒரு வரி அச்சடித்துக்கொள்ளுங்கள்.

பதிவு பெற்ற அமைப்பென்றால், 2020-ல் வந்த திருத்தத்தின்படி, அந்தப் பணம் புது தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உள்நாட்டுப் பணத்தோடு கலக்கக் கூடாது. இங்கே காஸ்ட் சென்டர் சீட்டெல்லாம் போதாது. மென்பொருளில் இதற்கென்று தனிப் புத்தகமே திறந்துவிடுவது நல்லது. டேலியில் ஒவ்வொரு தனிப் புத்தகத்துக்கும் கம்பெனி என்று பெயர்; அப்படி இன்னொன்றை உருவாக்குவதுதான் அது. அஞ்சறைப் பெட்டி உவமை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. இதற்குப் பெட்டியே வேறு.

நோட்டும் எக்செலும் போதாதா?

போதும், சில இடங்களில். மாதம் இருபது முப்பது பதிவு, ஒரே பொது நிதி, சம்பளத்துக்கு ஆள் இல்லை என்றால், கோடு போட்ட நோட்டும் ரசீதுக் கட்டும் வைத்தே சுத்தமாகக் கணக்கு காட்டும் அமைப்புகளை எனக்குத் தெரியும். ஊர்த் திருவிழா முடிந்ததும் வரவு செலவை உரக்கப் படித்துக் காட்டுவார்களே, அந்த ஒழுங்கு இருந்தால் மென்பொருள் இல்லாமலும் ஓடும்.

எக்செலில் சிக்கல் வேறு. அது யார் எதை மாற்றினாலும் பேசாமல் இருக்கும். ஒரு வரியை நடுவில் நுழைத்தால் கூட்டல் ஒரு வரியை விட்டுவிட்டுக் கூட்டும். மார்ச்சில் "கணக்கு இறுதி", "கணக்கு இறுதி 2", "கணக்கு உண்மையான இறுதி" என்று மூன்று கோப்பு கிடக்கும். இரண்டாவது குறித்த நிதி வந்த அன்றே எக்செலை விட்டு வெளியேறுங்கள் என்பது என் கருத்து.

மூன்று பெயர்கள்

டேலி பெங்களூருவில் 1986-ல் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள். தமிழ்நாட்டில் அதன் பெரிய பலம் மென்பொருளுக்குள் இல்லை, வெளியே இருக்கிறது: ஆள் கிடைக்கும். காமர்ஸ் படித்த பிள்ளைகளில் நிறையப் பேர் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டேலி கற்றிருப்பார்கள். வாரம் இரண்டு நாள் வந்து எழுதிக் கொடுக்கும் பகுதி நேரக் கணக்காளர் நின்றுவிட்டால், அடுத்த வாரமே இன்னொருவரைப் பிடிக்கலாம். ஆடிட்டரும் "பேக்கப் கொடுங்க" என்று பென்டிரைவை நீட்டுவார். காஸ்ட் சென்டர் உண்டு, திருத்தத் தடம் உண்டு. குறை என்னவென்றால், நன்கொடை ரசீது, நன்கொடையாளர் பட்டியல் இதெல்லாம் அதன் இயல்பான வேலை இல்லை. ஒட்டுப் போட்டுத்தான் செய்ய வேண்டும். இன்னொன்று, உடைத்த டேலியை யாரோ இலவசமாகப் போட்டுக் கொடுப்பார்கள். அறக்கட்டளைக் கணக்கைத் திருட்டு மென்பொருளில் எழுதாதீர்கள். அது ஒருநாள் திறக்காமல் போனால் யாரிடமும் போய்ப் புகார் சொல்லவும் முடியாது.

சோஹோ புக்ஸ் இணையத்தில் ஓடுவது. பொருளாளர் மதுரையிலும் செயலாளர் சென்னையிலும் இருந்தால் இது வசதி. இருவரும் ஒரே கணக்கைப் பார்க்கலாம், பேக்கப் கவலை குறைவு. கட்டணமில்லாத் திட்டமும் உண்டு. ஆனால் நீங்கள் எடுக்கும் திட்டத்தில் அந்த டேக் வசதி சேர்ந்திருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன் பாருங்கள். அது இல்லாமல் எடுத்தால், நான் முதல் வருடம் வாங்கிய கடை மென்பொருளுக்கும் இதற்கும் நமக்கு வித்தியாசம் இல்லை. இன்னொன்று, இது மாதச் சந்தா. நிதி வற்றிய வருடத்தில் சந்தா கட்ட முடியாவிட்டால் கணக்கு என்ன ஆகும் என்பதையும் கேட்டு வையுங்கள்.

குனுகேஷ் 1998-ல் வெளிவந்த கட்டற்ற மென்பொருள். காசு கிடையாது, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கும். இரட்டைப் பதிவைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஆனால் சீட்டு ஒட்டும் வசதி இல்லாததால் லெட்ஜரை உடைக்கும் முதல் வழிதான். பழைய பதிவைத் திருத்தினால் அணைக்க முடியாத தடமும் விழாது; ஆகவே 8-வது பிரிவு நிறுவனங்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். இரண்டு மூன்று நிதியோடு நிற்கும், கணினி தெரிந்த தன்னார்வலர் ஒருவர் உள்ள அறக்கட்டளைக்குத் தாராளமாகப் போதும். அந்தத் தன்னார்வலர் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

நான் யாருக்காவது சொல்வதானால், ஆடிட்டருக்கும் அருகில் கிடைக்கும் கணக்காளருக்கும் எது பழக்கமோ அதையே எடுங்கள் என்பேன். சிறந்த மென்பொருளில் அரைகுறையாக எழுதிய கணக்கைவிட, பழகிய மென்பொருளில் மாதாமாதம் எழுதிய கணக்கு மேல்.

வாங்கும் முன் ஒரு மாதத்தை ஓட்டிப் பாருங்கள்

விற்க வருபவர் காட்டும் மாதிரியில் எல்லாம் சரியாகத்தான் நடக்கும். அதை நம்ப வேண்டாம். உங்கள் அமைப்பின் போன மாத வவுச்சர்களை, அதாவது ஒவ்வொரு செலவுக்கும் கையெழுத்து வாங்கி வைத்த சீட்டுகளை, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது இருந்தால் நாற்பதையும் சோதனைப் பதிப்பில் நீங்களே ஏற்றுங்கள். அதில் ஒரு பங்கிட்ட செலவும், ஒரு மூலநிதி வரவும், ஒரு சொத்து வாங்கியதும் கட்டாயம் இருக்கட்டும்.

அப்புறம் மூன்று அறிக்கை எடுங்கள். ஒன்று, ஒவ்வொரு நிதியிலும் மீதி எவ்வளவு. அவற்றைக் கூட்டினால் வங்கி இருப்பும் கை ரொக்கமும் வைப்புநிதியும் சேர்ந்த தொகைக்கு ஒத்துவருகிறதா. இரண்டு, நன்கொடையாளர் பட்டியல், அடையாள எண்ணோடும் பணம் வந்த வழியோடும். மூன்று, வங்கிச் சரிகட்டும் பட்டியல். அதாவது நம் புத்தகத்துக்கும் பாஸ்புக்குக்கும் வித்தியாசம் ஏன் என்று காட்டுவது. போட்ட செக் இன்னும் பணமாகவில்லை என்பது போன்ற காரணங்கள் அதில் வரும். இந்த மூன்றும் யாரையும் கேட்காமல் அரை மணி நேரத்தில் உங்களால் எடுக்க முடிந்தால் வாங்குங்கள். கேட்க வேண்டியிருந்தால், யாரைக் கேட்டீர்களோ அவர் அடுத்த வருடமும் போனை எடுப்பாரா என்று யோசியுங்கள்.

ஏப்ரல் 1

மாறுவதென்றால் ஏப்ரல் 1-ல் மாறுவது சுலபம். நிதியாண்டு அன்றுதான் தொடங்குகிறது. ஜூலையில் முடிவெடுத்தாலும் ஏப்ரலிலிருந்து திரும்ப ஏற்றிவிடுங்கள். சிறு அமைப்புக்கு அது ஒரு வார இறுதி வேலை.

கஷ்டமான வேலை தொடக்க இருப்பை எழுதுவது. மார்ச் 31 அன்று வங்கியில் இருந்த தொகையை ஒரே எண்ணாக எழுதிவிட்டால் இத்தனை பாடும் வீண். அதைக் கிண்ணம் கிண்ணமாகப் பிரித்து எழுத வேண்டும். அதற்குப் பழைய நன்கொடைக் கடிதங்கள், ரசீதுக் கட்டையின் அடிச்சீட்டுகள், கூட்ட நிகழ்வுக் குறிப்பேடு எல்லாவற்றையும் பரப்பிவைத்துக்கொண்டு, பழைய பொருளாளரையும் கூப்பிட்டு உட்கார வேண்டும். எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. கடைசியில் 11,350 ரூபாய் எந்த நிதியைச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய பொருளாளர் அது பொது நிதி என்றார். செயலாளர் நோட்டுப் புத்தகத்துக்கு யாரோ கொடுத்தது என்றார். இருவரிடமும் சீட்டு இல்லை.

இப்படி நிற்கும் பணத்தைப் பேசாமல் பொது நிதியில் சேர்த்துவிடத் தோன்றும். சேர்க்காதீர்கள். இடம் தெரியாத தொகையை நிறுத்திவைக்கக் கணக்கியலில் அனாமத்துக் கணக்கு என்றே ஒன்று இருக்கிறது. அதில் எழுதி, அடுத்த அறங்காவலர் கூட்டத்தில் வைத்து, என்ன தேடினோம், என்ன கிடைக்கவில்லை என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். ஆகஸ்டில் ஒரு பெரியவர் வந்து, பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டார். அவர் கையில் ரசீது இருந்தது.